யீஷூன் நாலறை வீட்டில் ஷூர் எஸ்எம்58: குரல் பாட்டுக்குள் உட்கார்ந்ததா?

வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய என்ன மைக் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் பாதிப் பேருக்குப் பிடிப்பதில்லை. ஷூர் எஸ்எம்58. மேடையில் பார்ப்போமே, இரும்பு வலைபோட்ட உருண்டைத் தலை, அதே மைக்தான். "மாமா, இது கோயில்ல அன்னதானம் அறிவிக்கிற மைக்தானே?" என்றான் என் அக்கா மகன். ஆமாம், அதேதான். இருநூறு சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிந்துவிடும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருந்துகொண்டு குரல் பதிவு செய்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான மைக் அந்த விலையில் இல்லை என்பது என் கணிப்பு. யாருக்கு இது ஒத்துவராது என்பதையும் கீழே சொல்கிறேன்.

நான் பகலில் ஜூரோங்கில் சரக்குக் கப்பல் ஆவணங்களோடு மல்லுக்கட்டுகிறவன். இரவிலும் வாரக் கடைசியிலும் அக்கா மகனுக்கும் அவனுடைய கூட்டாளிகளுக்கும் பாட்டு மிக்ஸ் செய்து, அதாவது குரலையும் இசையையும் அளவாகக் கலந்து, கொடுப்பேன். கோயில் பஜனைக் குழுவில் இருக்கும் எங்கள் அத்தைக்கு அவ்வப்போது ஒரு தேவாரம், ஒரு திருப்புகழ். காசு வாங்குவதில்லை, சாப்பாடு வாங்கிக்கொள்வேன்.

முதலில் மைக்கைப் பற்றி. இது 1966-இல் வந்தது. மேடைக்காகச் செய்ததல்ல, ஒலிபரப்பு நிலையங்களை நினைத்துச் செய்தது. அங்கே எடுபடாமல் போய், மேடையில் உயிர் பிடித்துக்கொண்டது. கேட்கும் வீச்சு 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை. காகிதத்தில் பார்த்தால் இது ஏழை மைக். கண்டென்சர் என்ற, நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும் வகை மைக்குகள் 20 முதல் 20,000 வரை என்று பெட்டியிலேயே பெருமையாக அச்சடித்திருப்பார்கள். ஆனால் ஒரு பாட்டின் மிக்ஸில் குரலுக்கு அந்த அடிப்பகுதி தேவையே இல்லை. அங்கே கிக் டிரம்மும் பேஸும் தவிலின் தொப்பிப் பக்கமும் உட்கார்ந்திருக்கின்றன. கண்டென்சரில் எடுத்த குரலிலிருந்து நான் மெனக்கெட்டு வெட்டி எறிவதை இந்த மைக் முதலிலேயே எடுக்காமல் விட்டுவிடுகிறது. நான் மெனக்கெட்டு ஏற்றுவதை, அதாவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை, அது தானாகவே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறது. தனியாகக் கேட்டால் குரல் சற்று முரட்டுத்தனமாக, மூக்கால் பேசுவதுபோலக்கூட இருக்கும். பாட்டோடு சேர்த்துக் கேளுங்கள், தன் இடத்தில் போய் நிற்கும். தனியாகக் கேட்டு மைக்கைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அப்புறம் "கரோக்கே மாதிரி கேட்குது, என்ன பண்றது" என்று வருகிறார்கள்.

அடுத்தது வீட்டுச் சத்தம். எங்கள் வீடு யீஷூனில், எம்ஆர்டி ரயில் மேலே ஓடும் தடத்திலிருந்து அதிகத் தூரம் இல்லை. செம்பவாங் பக்கத்திலிருந்து ஹெலிகாப்டர் வரும். மேல்வீட்டில் நாற்காலி இழுப்பார்கள். விடியற்காலையில் குயில், இந்த ஊர்க் குயிலைப் பற்றித் தெரிந்தவர்கள் அதைக் கவிதையில் சேர்க்கமாட்டார்கள். வார நாளில் பக்கத்து வீட்டில் ஓடு உடைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை அதற்கு அனுமதி இல்லாததால் கீழ்த்தளத்தில் மலாய்க் கல்யாணமும் கரோக்கேயும் நடக்கும். மின்விசிறியை நிறுத்தினால் வேர்க்கும், ஏர்கானை நிறுத்தாவிட்டால் உறுமும்.

58 போன்ற மைக்குகளை டைனமிக் வகை என்பார்கள். டைனமிக் மைக் இந்தச் சத்தத்தையெல்லாம் ஒதுக்கிவிடும் என்று கடைகளில் சொல்வார்கள். அது சரியான விளக்கம் இல்லை. ஒரே தூரத்தில், ஒரே அளவு குரலுக்கு ஏற்றிவைத்தால், ஒரே திசைக் கோலம் (எந்தெந்தப் பக்கம் கேட்கும் என்ற அமைப்பு) கொண்ட கண்டென்சரும் இதுவும் அறைச் சத்தத்தை ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் எடுக்கும். உண்மையான வித்தியாசம் தூரத்தில் இருக்கிறது. தூரம் பாதியானால் நேராக வரும் குரல் 6 டெசிபெல் கூடும். அறையின் எதிரொலியும் ரயில் சத்தமும் இருந்த இடத்திலேயே இருக்கும். 20 சென்டிமீட்டரில் பாடுகிறவரை 5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபெல் லாபம். சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டினாலும் அந்தச் செலவுக்கு இவ்வளவு கிடைக்காது. கண்டென்சரில் 5 சென்டிமீட்டரில் பாடினால் எச்சில் சத்தம், மூச்சு, 'ப'வின் வெடிப்பு எல்லாம் பூதாகரமாகிவிடும். 58 உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாடுவதற்கென்றே செய்த மைக். கிட்டே போய்ப் பாட விடுகிறது, அதுதான் அதன் முழு ரகசியம்.

கிட்டே போனால் அடித்தொண்டை பெருக்கும். ஒரு திசை மைக்குகள் பெரும்பாலானவற்றுக்கு உள்ள குணம் இது. 100 ஹெர்ட்ஸை ஒட்டி வெட்டு வடிகட்டி ஒன்றைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். சிக்கல் எங்கே என்றால், பாடகர் தலையை ஆட்டும்போது. ஒரு வரி கனமாகவும் அடுத்த வரி மெலிந்தும் விழும். கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் தாளத்தோடு சேர்ந்து அசைவார்கள், அதைத் தடுக்கவும் மனம் வராது. அதற்கு என் வழி: மைக்கின் தலைக்கு மேல் இன்னொரு நுரை உறையை மாட்டி, அது மேலுதட்டில் லேசாக உரசிக்கொண்டே இருக்கட்டும் என்று சொல்லிவிடுவேன். தூரம் மாறினால் பாடுகிறவருக்கே தெரிந்துவிடும்.

பாம் ஷெல்ட்டரை, அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் பதுங்கு அறையை, பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1990களின் கடைசியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் உள்ள அந்த இரும்புக் கதவு அறையைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஒரே யோசனை வரும்: நாலு பக்கமும் கெட்டிக் கான்கிரீட், வெளிச்சத்தம் வராது, ஸ்டுடியோ தயார். வராது என்பது உண்மைதான். உள்ளே போன குரலும் வெளியே போகாது, அதுதான் வினை. ஒன்றரை மீட்டர் அகலமுள்ள கான்கிரீட் பெட்டியில் ஒலி சுவருக்குச் சுவர் போய்த் திரும்பி 115 ஹெர்ட்ஸை ஒட்டி எழும்பி நிற்கும். ஒரு கட்டையில் பாடும் ஆண் கீழ் ஸ்தாயியில் கைசிகி நிஷாதத்தைத் தொட்டால், அந்த ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கி வரும். மிக்ஸில் அதை எந்த ஈக்யூவாலும் (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் கருவி) சுத்தமாக எடுக்க முடியாது, பக்கத்து ஸ்வரங்களும் சேர்ந்து மெலியும். சுவரில் பஞ்சுப் பலகை அடிக்கலாம் என்றால், ஷெல்ட்டர் சுவரில் இஷ்டத்துக்குத் துளை போடவும் கூடாது. அரிசி மூட்டையும் பழைய சூட்கேஸும் அங்கேயே இருக்கட்டும்.

நான் பதிவு செய்வது படுக்கையறையில். துணி அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, புடவைகளுக்கு முதுகைக் காட்டிப் பாடகரை நிற்கவைப்பேன். மைக் முன்பக்கம் கேட்பதால் அதற்கு எதிரே, அதாவது பாடகரின் முதுகுக்குப் பின்னால்தான் மெத்தென்ற பொருள் வேண்டும். பலர் மைக்குக்குப் பின்னால் நுரைத் தடுப்பை வாங்கி வைத்துவிட்டு முதுகுப் பக்கம் வெறும் சுவரை விட்டுவிடுகிறார்கள். 58-இன் வால் பக்கம் கிட்டத்தட்டச் செவிடு. அந்த வாலை ஜன்னலை நோக்கித் திருப்பிவிட்டால் எம்ஆர்டியின் பாதிச் சத்தம் குறையும். கணினி விசிறியும் அதே திசையில் இருந்தால் இன்னும் நல்லது.

அக்கா மகன் ராப் பாடுகிறவன். மைக்கைக் கையில் எடுத்ததும் உருண்டையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தான். மேடையில் அதுதான் அழகு என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உருண்டைக்குக் கீழே வலைக்குள்ளிருந்து பின்பக்கக் காற்று உள்ளே போனால்தான் மைக்குக்குத் திசை தெரியும். அந்த வழியை அடைத்தால் நாலா பக்கமும் கேட்கத் தொடங்கும், குரலும் தகர டப்பாவுக்குள் போய்விடும். "கையைக் கீழே இறக்குடா" என்றேன். "ஃபீல் வராது மாமா" என்றான். ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, வேறொரு பழைய மைக்கை ஒயர் இல்லாமல் கையில் கொடுத்தேன். ஃபீல் வந்தது.

அவன் வரிகளில் இன்னொன்றையும் கவனித்தேன். தமிழ் 'ப'வுக்கு மூச்சுக்காற்று அதிகம் வெளியே வருவதில்லை. 'பட்டு', 'பப்பாளி' என்று எத்தனை முறை பாடினாலும் மைக் அதிராது. நடுவில் ஆங்கில வரி வந்து அவர்கள் பாணியில் அந்த எழுத்தை ஊதிச் சொன்னதும் 'டும்' என்று விழும். இரண்டு மொழியும் கலந்து பாடும் பிள்ளைகளுக்கு மைக்கை நேருக்கு நேர் வைக்காமல் வாயின் ஓரத்திலிருந்து சற்றுச் சாய்த்து வைப்பது நல்லது.

இந்த மைக்கின் பெரிய குறை, சத்தம் போதாது. ஆடியோ-டெக்னிகா ஏடி2020 என்ற கண்டென்சர் ஒரு குறிப்பிட்ட ஒலிக்கு 14.1 மில்லிவோல்ட் கொடுக்கும் இடத்தில் 58 கொடுப்பது 1.85. ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆகவே மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியில் கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் திறன், தாராளமாக இருக்க வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறையில் 56 டெசிபெல், நான்காம் தலைமுறையில் 69. உரக்கப் பாடுகிறவருக்கு முதலாவதே போதும். தாலாட்டுப் பாடுகிறவருக்கு இரண்டாவது வேண்டும், இல்லாவிட்டால் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு இரைச்சலோடு குடும்பம் நடத்த வேண்டும். மைக்கின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பெட்டியின் கெயின் எண்ணையும் பாருங்கள்.

சரி, மிக்ஸிங்குக்கு வருவோம். நான் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் வேலை செய்கிறேன்; 60 அமெரிக்க வெள்ளி உரிமம், அதற்குள்ளேயே வரும் ஈக்யூவும் கம்ப்ரசரும் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது) எனக்குப் போதும். இளசுகள் கொண்டுவரும் பாட்டுகளில் பெரும்பாலும் ஒரே பிரச்சினை: பீட்டை, அதாவது பின்னணி இசையை, யாரிடமோ வாங்கியிருப்பார்கள், அது ஒரே ஸ்டீரியோ கோப்பாக, ஏற்கெனவே முழுசாக மாஸ்டர் செய்து, கூரையில் முட்டிக்கொண்டு வரும். அதன் மேல் குரலை வைத்தால் வைத்த இடத்திலேயே மிதக்கும். குரலை ஏற்றினால் கரோக்கே, இறக்கினால் காணோம்.

நான் முதலில் செய்வது பீட்டை 6 டெசிபெல் இறக்குவது. அப்புறம் பீட்டின் நடுப்பகுதியில் மட்டும், ஓரங்களைத் தொடாமல், 2,500 ஹெர்ட்ஸை ஒட்டி இரண்டு டெசிபெல் அளவுக்கு அகலமாக ஒரு பள்ளம். குரல் வரும்போது மட்டும் அந்தப் பள்ளம் விழும்படி இணைத்துவிட்டால் இன்னும் இயல்பாக இருக்கும். 58-இன் மேடு அந்தப் பள்ளத்தை ஒட்டியே வந்து அமர்ந்துகொள்ளும். இதைச் செய்த பிறகு குரலில் நான் ஈக்யூ தொடுவது குறைவு: 100-க்குக் கீழே வெட்டு, 250-ஐ ஒட்டி இரண்டு மூன்று டெசிபெல் குறைப்பு, அவ்வளவுதான். 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் காதைக் குத்துகிறது என்று குரலில் ஆழமாகக் குடையாதீர்கள். 'ழ'வையும் 'ள'வையும் பிரித்துக் காட்டும் அடையாளம் அந்தப் பகுதியை ஒட்டித்தான் இருக்கிறது. குடைந்தால் 'வாழை'யும் 'வாளை'யும் ஒன்றாகிவிடும். பாடியவன் கஷ்டப்பட்டு நாக்கை மடித்தது வீண்.

கம்ப்ரசருக்கு முன்னால் கைவேலை. ஒவ்வொரு சொற்றொடராகப் பார்த்து, அமுங்கியதை ஏற்றி, துருத்தியதை இறக்கி வைப்பேன். அலுப்பான வேலை, ஆனால் குரல் உட்காருவதில் பாதி இங்கேதான் நடக்கிறது. தமிழ்ப் பாட்டில் வரியின் கடைசி அசை விழுந்துபோவது வழக்கம். 'போகிறேன்' என்பதில் 'றேன்' காணாமல் போகும். அதை மூன்று டெசிபெல் தூக்கிவிடுங்கள், கேட்கிறவர் வரியைப் புரிந்துகொள்வார். அதன் பிறகு இரண்டு கம்ப்ரசர்: ஒன்று வேகமாக, உச்சங்களை மட்டும் மூன்று டெசிபெல் தட்டும், இன்னொன்று மெதுவாக, முழுக் குரலையும் ஒரு மட்டத்தில் வைத்திருக்கும். ஒரே கம்ப்ரசரில் பத்து டெசிபெல் நசுக்கினால் மூச்சிழுப்பும் அறையும் முன்னே வந்து நிற்கும். கிட்டே பாடி வாங்கிய 12 டெசிபெல் லாபத்தை அங்கேயே தொலைத்துவிடுவோம்.

சுருதி திருத்தும் மென்பொருளைத் தானியங்கியாக விடாதீர்கள். கமகம் என்பது இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே ஊசலாடுவது. மென்பொருளுக்கு அது தவறான சுருதி. வேகமாகத் திருத்தச் சொன்னால் அசைவை அறுத்துப் படிக்கட்டாக்கிவிடும். நீண்டு நிற்கும் ஸ்வரங்களை மட்டும் கையால் பிடித்துச் சரிசெய்யுங்கள். ராப் பாட்டின் பல்லவியில் அந்தப் படிக்கட்டுச் சத்தமே வேண்டும் என்றால் அது வேறு விஷயம், தாராளமாகச் செய்யுங்கள்.

எதிரொலி. இதில்தான் பலர் பாட்டைக் கெடுக்கிறார்கள், கோயில் மண்டபம் வரை போய்விடுகிறார்கள். நான் ரிவெர்பை, அதாவது அறையின் எதிரொலிபோலச் சேர்ப்பதை, தனித் தடத்தில் வைத்து, 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10,000-க்கு மேலேயும் வெட்டிவிடுவேன். குரலுக்கும் ரிவெர்புக்கும் நடுவே 40 மில்லிவினாடி இடைவெளி. அந்த இடைவெளியில்தான் மெய்யெழுத்துகள் தெளிவாகத் தப்பித்து வருகின்றன. அதோடு தாளத்துக்குக் கட்டிய எக்கோ ஒன்று. நிமிடத்துக்கு 96 தட்டு என்றால் ஒரு தட்டு 625 மில்லிவினாடி, அரைத் தட்டு சுமார் 312. அரைத் தட்டில் வைத்து, 'இருக்கிறதா இல்லையா' என்று சந்தேகம் வரும் அளவுக்கு இறக்கிவிடுங்கள். குரலும் பீட்டும் ஒரே இடத்தில் பாடியதாகக் காது நம்பிவிடும். 58-இல் 10,000-க்கு மேல் விஷயம் குறைவு என்பதால் இந்த எக்கோவில் 'ஸ்', 'ஷ்' சத்தங்கள் தெறிப்பதில்லை. கண்டென்சர் குரலில் நான் வழக்கமாகப் போடும், 'ஸ்' சத்தத்தை அடக்கும் டீ-எஸ்ஸரை இந்த மைக்குக்குப் பெரும்பாலும் திறப்பதே இல்லை.

முடிந்ததும் சத்தத்தை மிகக் குறைவாக வைத்து, மோனோவில், கைத்தொலைபேசியில் கேட்பேன். ஒலி 96.8-இல் ஓடும் பாட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றியும் கேட்பதுண்டு. சமையலறையில் தண்ணீர் ஓடும்போதும் வரிகள் புரிந்தால் மிக்ஸ் முடிந்தது.

இனி அத்தை. தம்புராவும் தபேலாவும் மட்டும், மெல்லிய குரலில் தேவாரம். இங்கே 58 தோற்றது. பீட்டுக்கு நடுவே புகுந்து நிற்க வேண்டிய தேவை இல்லாதபோது அந்த 3,000 ஹெர்ட்ஸ் மேடு உதவி இல்லை, தொந்தரவு. மூச்சின் மென்மை, குரலின் மேல்பக்கத்துக் காற்று, தம்புராவோடு குழைந்து போகும் நயம் எல்லாம் மொத்தையாகத்தான் விழுந்தன. மேலே எத்தனை டெசிபெல் ஏற்றினாலும் மைக் எடுக்காததை ஈக்யூ கொண்டுவராது. "என் குரல் ரேடியோ செய்தி மாதிரி இருக்குப்பா" என்றார். சரியான விமர்சனம். அவருக்கு ஒரு நண்பரிடம் கண்டென்சர் இரவல் வாங்கி, கீழ்த்தளக் கல்யாணம் முடிந்து எம்ஆர்டியும் ஓய்ந்த பிறகு நள்ளிரவில் 25 சென்டிமீட்டரில் வைத்துப் பதிவு செய்தோம். நேரம் கெட்ட நேரம், ஆனால் குரல் அவர் குரலாக வந்தது. ஆகவே வாத்தியம் குறைந்த பக்திப் பாட்டு, வீணையோடு தனிக் குரல், கவிதை வாசிப்பு என்றால் இந்த மைக்கை வாங்காதீர்கள். பீட், டிரம்ஸ், உறுமி, கிடார் என்று நெரிசலான பாட்டுக்கு வாங்குங்கள்.

58-இன் பங்காளியான ஷூர் எஸ்எம்7பி மைக்கைப் பற்றியும் கேட்பீர்கள். எஸ்எம்7 1973-இல் வந்த குடும்பம், 58-க்கு உறவுதான், அடிப்பகுதி இன்னும் அமரிக்கையாக இருக்கும். விலை பல மடங்கு, கெயினும் இன்னும் அதிகம் கேட்கும். பாட்காஸ்ட்காரர்கள் எல்லார் முகத்துக்கு முன்னாலும் அதைப் பார்த்துவிட்டு ஆசைப்படுவது புரிகிறது. அந்த வித்தியாசப் பணத்துக்கு நல்ல இன்டர்ஃபேஸும் ஒரு ஜோடி மூடிய ஹெட்ஃபோனும் வாங்கலாம் என்பது என் கட்சி.

வாங்கும்போது அங்கீகரிக்கப்பட்ட கடையில், ரசீதோடு வாங்குங்கள். உலகத்திலேயே அதிகம் போலி வரும் மைக்குகளில் இதுவும் ஒன்று. இணையச் சந்தையில் பாதி விலைக்குக் கிடைத்தால் அது 58 இல்லை, 58 போட்ட சட்டை. பழையது வாங்குவதில் தவறில்லை, வலை நசுங்கியிருந்தாலும் புது வலை தனியாகக் கிடைக்கும்; ஆனால் கடையிலேயே செருகிப் பாடிப் பாருங்கள். ஸ்டாண்டுக்கும் எக்ஸ்எல்ஆர் ஒயருக்கும் தனியாக ஐம்பது அறுபது வெள்ளி ஒதுக்குங்கள், பெட்டியில் கவ்வியும் பையும்தான் வரும். சுவிட்ச் வைத்த வகையும் ஒன்று உண்டு. அதை எடுக்க வேண்டாம். நல்ல டேக் பாடி முடித்துவிட்டுச் சுவிட்ச் அணைந்திருந்தது என்று தெரிந்தால், பாடகரின் முகத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டியிருக்கும்.